ஆகாய விமானம் விழாமல் நிற்பது எவ்வாறு?



ஊருக்கு மேலே ஆகாய விமானம் ஒன்று இரைந்துகொண்டு செல்லுமாயின், வயலில் நாற்று நடுகின்றவர்கள் நிமிர்ந்து நோக்குகின்றனர், சிறுவர்கள் கூச்சலிட்டு அதன் பின்னே ஓடுகின்றனர், திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கண்களுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை கனமுள்ள வஸ்து கீழே விழாமல் எப்படி நிற்கிறது?" என்று ஒருவரையொருவர் வினவுகின்றனர். இக்கேள்வி நியாயமானதே. ஒரு கூழாங்கல்லை மேலே எறிந்தால் அது சற்று நேரத்தில் கீழே வந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான பிரயாணிகளையும் அவர்களுடைய மூட்டை முடிச்சுகளையும் சுமந்துகொண்டு ஆயிரக்கணக்கான மைல் செல்லும் யந்திரம் அவ்வாறு வராதிருப்பதற்குத் தக்க காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணத்தை அறியாமையாலும், அறிந்திருந்தும் ஆபத்து வேளையில் மறந்துபோனமையாலும் உயிர் துறந்தவர்கள் பலர். ஆதலால் இது பொழுதுபோக்குக்காக மட்டும் கேட்கத்தக்க விஷயமன்று.

வழக்கமாக இதற்கு இரண்டு விடைகள் கூறப்படுகின்றன. ஒன்று, விமானத்தினுள் லேசான வாயு ஏதோ அடைக்கப்பட்டிருக்கிறது என்பது. அது பலூனுக்குப் பொருந்துமே யன்றி விமானத்துக்குப் பொருந்தாது. மற்றொன்று, யந்திரம் அதை மேலே தூக்கிப் பிடிக்கிறது என்பது. இதுவும் சரியன்று. சாதாரண விமானத்தின் யந்திரம் அதை முன்னோக்கி இழுக்கிறது, அல்லது பின்னிருந்து தள்ளுகிறது, அவ்வளவே. தூக்குகின்ற வேலை இறக்கைகளுடையது. யந்திரமே இல்லாமல் மணிக்கணக்காகப் பறக்கும் விமானங்கள் உண்டு என்பதிலிருந்தே இது விளங்கும். பருந்து சிறகை அசைக்காமல் வட்டமிடுவதை எல்லோரும் பார்த்திருக்கின்றனர்.

இறக்கைகள் எதைப் பற்றிக்கொண்டு தூக்குகின்றன? காற்றைத்தான். காற்று கண்ணுக்குத் தெரியாத காரணத்தால் அது ஒன்றுமில்லாத சூனியம் என எண்ணுதல் பெரும் பிழை. பத்தடி நீளமும் பத்தடி அகலமும் பத்தடி உயரமும் உள்ள ஓர் அறையில் அடங்கியுள்ள காற்றை நிறுத்துப் பார்க்கக் கூடுமானால் அது சுமார் 75 ராத்தல் இருக்கும். பூமியைச் சூழ்ந்து பல மைல் உயரத்துக்கு நிற்கும் இந்தக் காற்றின் பாரம், கடல் மட்டத்தில், ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் 14.7 ராத்தல் வீதம் அழுத்துகிறது. ஒரு சதுர அடிக்குக் கணக்கிட்டால் 2,100 ராத்தலுக்கு மேலாகும். இந்தப் பாரம் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமாக அழுத்துவதால் அது யாருக்கும் தெரிவதில்லை. இந்த 2,100 ராத்தலை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கணக்கில் அது பின்னும் வரும்.

பட்டம் விடுவதைக் கவனியுங்கள். பட்டம் காற்றுக்கு எதிரில் சற்றே சாய்ந்து நிற்கிறது. வந்து மோதும் காற்று அதன் சாய்வினால் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. எதை எவன் கீழே தள்ளினாலும் அது அவனை அதே அளவு மேலே தள்ளும். இது ஸர் ஐசக் நியூட்டன் என்னும் ஆங்கில சாஸ்திர விற்பன்னர் 1687-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலில் கண்ட விதி. பரிசலிலிருந்து கரைக்குத் தாவிக் குதிக்கிறவன் பரிசலைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதும் இவ்விதிப்படியே. பட்டம் காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று பட்டத்தை மேலே தள்ளுகிறது. நூல் என்ன செய்கிறது? பட்டம் காற்றோடு அடித்துக்கொண்டு போகாதபடி இழுத்துப் பிடிக்கிறது. நூல் அறுந்தால் பட்டம் தலைகீழாய்ப் புரண்டு விழுகிறது.

விமானத்துக்கு நூலும் இல்லை; எதிர்க்காற்று இருந்துதான் தீரவேண்டும் என்பதும் இல்லை. காற்று வந்து பொருளின் மேல் மோதினாலும், பொருள் சென்று காற்றின் மேல் மோதினாலும் பலன் ஒன்றே. யந்திரம் விமானத்தை வேகமாக முன்னே செலுத்துவதால், அமைதியான ஆகாயத்திலும் அதற்கு எதிரே பெருங்காற்று வீசுவது போலாகிறது. ஓடுகின்ற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைச் சற்றுச் சாய்த்து நீட்டினால் கை தானாக மேலே எழும்பும். (கையை வெளியே நீட்டக்கூடாது என்று பஸ்ஸில் எழுதியிருப்பதால், காற்று வீசும் நாளில் களத்துமேட்டில் ஒரு முறத்தைப் பிடித்துப் பார்த்து இதே பாடத்தை அறிந்துகொள்ளலாம்.)

இதுவரையில் கூறியது இறக்கையின் அடிப்பக்கத்தைப் பற்றியது. ஆனால் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது மேற்பக்கமே. இதை அறிய ஒரு சிறிய பரிசோதனை போதும். நான்கு விரற்கடை அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள மெல்லிய காகிதத் துண்டு ஒன்றின் ஓரத்தைக் கீழுதட்டுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால், அதன் மறு நுனி வளைந்து கீழே தொங்கும். இப்பொழுது காகிதத்தின் மேற்புறமாக ஊதவேண்டும். காகிதம் கீழே போகும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அதற்கு மாறாக அது மேலே எழும்பி நிற்கும்!

காரணம் யாது? ஊதிய காற்று நேரே போய்விடாமல் காகிதத்தின் வளைவை ஒட்டிக் கீழ்நோக்கி வளைந்து செல்கிறது. எந்தப் பொருளும் தானாக வளைந்து செல்லாது. தினைப்புனத்தில் குருவியோட்டுகிறவன் கவணைச் சுழற்றும்போது, கல் வட்டமாகச் சுற்றுவதற்குக் காரணம் கயிறு அதை உட்புறமாக இழுத்துக்கொண்டேயிருப்பதுதான். கயிற்றை விட்டால் கல் நேரே பறந்துவிடும். காற்றைக் கட்டி இழுக்கக் கயிறு இல்லை. ஆகவே வளைவின் வெளிப்புறத்தில் அழுத்தம் மிகுந்தும், வளைவின் உட்புறத்தில், அதாவது காகிதத்தை ஒட்டிய இடத்தில், அழுத்தம் குறைந்தும் இருந்தாலொழியக் காற்று வளையாது. மேற்புறத்தில் அழுத்தம் குறைந்ததும் அடியிலுள்ள சாதாரணக் காற்று காகிதத்தை மேலே தள்ளிவிடுகிறது. விமானத்தின் இறக்கை மேற்புறம் குவிந்து, முன்னோரம் சற்றே நிமிர்ந்து அமைக்கப்படுவது இதற்காகவே.

இந்த அழுத்தக் குறைவு மிகப் பெரிதாக இருக்கவேண்டுமோ எனில், இல்லை. ரைட் சகோதரர்கள் அமெரிக்காவில் 1903-ம் வருஷத்தில் முதன்முதலாகப் பறந்த விமானத்துக்கு இரண்டடுக்கு இறக்கைகள். அவற்றின் மொத்தப் பரப்பு 510 சதுர அடி. ஆளுடன் சேர்த்து அதன் நிறை சுமார் 750 ராத்தல். சதுர அடிக்கு ஒன்றரை ராத்தல் தாங்கினால் போதும். காற்றின் இயல்பான அழுத்தமோ சதுர அடிக்கு 2,100 ராத்தல். ஆகவே இறக்கைக்கு மேலும் கீழும் உள்ள அழுத்தம் 1,400-ல் ஒரு பங்கு வித்தியாசப்பட்டாலே அந்த விமானம் நின்றுவிடும்! ரூபாய்க்கு ஒரு பைசாவில் பதினான்கில் ஒரு பங்கு வட்டி என்று வைத்துக்கொண்டால் அதன் அற்பம் விளங்கும். பிற்காலத்தில் வந்த போயிங் 747-400 என்னும் பெரிய விமானம் 8,75,000 ராத்தல் நிறையுடன் கிளம்பக்கூடியது; இறக்கைப் பரப்பு சுமார் 5,650 சதுர அடி. அதற்கும் சதுர அடிக்கு 155 ராத்தல்தான் வருகிறது. பூமிமட்டத்துக் காற்றின் அழுத்தத்தில் இது நூற்றுக்கு ஏழு பங்கு. சுமையைத் தாங்கும் முதல் எப்பொழுதும் காற்றில் இருப்பில் உள்ளது. அதில் மிகச் சிறிய பாகத்தை எடுத்துப் புழங்குவதே இறக்கையின் சாமர்த்தியம்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். காற்றைக் கீழே தள்ளுவதால் விமானம் நிற்கிறதா, அல்லது மேலும் கீழும் உள்ள அழுத்த வித்தியாசத்தால் நிற்கிறதா? இது பற்றிப் படித்தவர்களும் கட்சி கட்டிக்கொண்டு வாதிப்பதுண்டு. வாதம் வீண். ஒரே தொகை ரொக்கப் புத்தகத்திலும் இருக்கிறது, பேரேட்டிலும் இருக்கிறது. அதனால் சங்கத்துக்கு இரட்டிப்புப் பணம் வந்துவிடவில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கவேண்டும் என்பதே விதி. அழுத்த வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்குக் காற்று கீழே தள்ளப்பட்டிருக்கும். எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் விடை ஒன்றுதான்.

ஆனால் மூன்றாவது விளக்கம் ஒன்று பல பாடப்புத்தகங்களில் நெடுங்காலமாக அச்சாகி வந்திருக்கிறது. அது கணக்கில் சேராதது, அடித்துவிட வேண்டியது. இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் அதன் மேல் செல்லும் காற்றுக்கு வழி நீளம். அடியில் செல்லும் காற்றுக்கு வழி குறுக்கம். இரண்டும் பின்னோரத்தில் ஒரே சமயத்தில் சந்திக்கவேண்டுமாதலால் மேற்காற்று விரைந்து ஓடுகிறது என்பது அவ்விளக்கம். சந்திக்கவேண்டும் என்று யார் கட்டளையிட்டது? சந்தைக்கு இரண்டு பாதைகளில் புறப்பட்ட இரண்டு வண்டிகள் ஒரே வேளையில் சேரவேண்டுமென்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை ஆசிரியரான பாபின்ஸ்கி என்பவர், காற்றில் புகையை விட்டுவிட்டு அனுப்பி, அது இறக்கையைச் சுற்றிப் போகும் விதத்தைப் படம் பிடித்து 2003-ல் விளக்கினார். மேற்காற்று அடிக்காற்றுக்காகக் காத்திராமல் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. மேற்காற்று விரைகிறது என்பது உண்மை. சொல்லப்பட்ட காரணம்தான் பொய். இந்தக் காரணம் மெய்யாயின் தட்டையான பட்டம் பறக்கவே கூடாது. வித்தை காட்டும் விமானங்கள் தலைகீழாகப் பறப்பதும் நடவாது. தலைகீழாய்ப் பறக்கையில் விமானி முன்னோரத்தை வேண்டிய அளவு நிமிர்த்திக் கொள்கிறான். காற்று வழக்கம்போலக் கீழே தள்ளப்படுகிறது.

அங்ஙனமாயின் இறக்கையின் சாய்வும் விமானத்தின் வேகமுமே முக்கியம் என்றாயிற்று. வேகத்தின் கணக்கு சற்றுக் கடுமையானது. வேகம் இரட்டித்தால் தாங்கும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் பாதியானால் விசை கால் பங்காகிறது. ஆகையால் விமானம் ஓடுபாதையில் வெகுதூரம் ஓடி வேகம் பெற்ற பின்னரே கிளம்ப முடிகிறது. கிளம்புவதும் இறங்குவதும் எதிர்க்காற்றை நோக்கியே செய்யப்படுவதும் இதனாலேயே. வீசும் காற்று இனாமாகக் கிடைத்த வேகமல்லவா? இறங்கும் சமயத்தில் வேகத்தைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். குறைந்த வேகத்தினால் உண்டாகும் நஷ்டத்தை ஈடுசெய்ய இறக்கையின் பின்னோரத்துப் பலகைகள் கீழே இறக்கப்படுகின்றன. விமானத்தின் மூக்கும் சற்று நிமிர்த்தப்படுகிறது. சாய்வு மிகுந்தால் காற்று அதிகமாய் வளைக்கப்படும், விசையும் மிகும்.

எவ்வளவு மிகும்? இங்கேதான் உயிர் போகும் இடம் இருக்கிறது.

வாய்க்கால் வளைவில் தண்ணீர் போவதை அங்கத்தினர்கள் அனைவரும் பார்த்திருப்பர். வளைவு மெதுவாக இருந்தால் தண்ணீர் உட்கரையை ஒட்டியே வழுவழுப்பாய்ச் செல்கிறது. வாய்க்காலைச் சட்டென்று முழங்கை போல் திருப்பி வெட்டியிருந்தால் தண்ணீர் உட்கரையை விட்டு விலகிப் பாய்ந்துவிடும். கரையோரத்தில் சருகும் நுரையும் சுற்றிச் சுற்றி வரும் சுழல் உண்டாகும். இறக்கையின் மேல் செல்லும் காற்றும் இவ்வண்ணமே. சாய்வு சில பாகை இருக்கும் வரையில் அது மேற்புறத்தை ஒட்டி வளைந்து செல்கிறது. சாதாரணமான இறக்கையில் சாய்வு சுமார் 15 பாகையைத் தாண்டியதும், காற்றினால் அவ்வளவு கூர்மையாய் வளைய முடிவதில்லை. அது மேற்புறத்தை விட்டு விலகிவிடுகிறது. இறக்கையின் மேலே சுழல் உண்டாகிறது, விமானம் நடுங்குகிறது, தாங்கும் விசை பெரும்பாலும் முறிந்துபோகிறது. யந்திரம் எந்தப் பழுதுமின்றி ஓடிக்கொண்டிருக்கலாம். இறக்கை உடையாமல் அப்படியே இருக்கலாம். ஆயினும் விமானம் விழுகிறது.

காக்கை மதில்மேல் வந்து உட்காரும் சமயத்தைக் கவனித்தால், கடைசி நொடியில் அது உடலை நிமிர்த்திச் சிறகுகளை விரித்துக் காற்றுக்கு எதிரே நிறுத்துவது தெரியும். விசையை வேண்டுமென்றே முறித்துக்கொண்டு, ஓரங்குல உயரத்திலிருந்து அது காலூன்றுகிறது. மதில் காலடியிலேயே இருக்கிறபடியால் அதற்கு அபாயமில்லை. மனிதனுக்கு இந்த அபாயம் முதலில் காத்திருந்தது ஜெர்மனியில்.

ஆட்டோ லிலியந்தால் என்பவர் அத்தேசத்து இஞ்சினீயர். நாரைகள் பறக்கும் விதத்தை இளமையிலிருந்தே ஆராய்ந்து, 1889-ல் பறவைகளின் பறத்தலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1891 முதல், மரச்சட்டத்தில் துணி போர்த்த இறக்கைகளைத் தாமே செய்து, அவற்றில் தொங்கிக்கொண்டு குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்தார். பெர்லின் நகருக்கு அருகில் இதற்கென்றே ஒரு மண்குன்றைக் கட்டுவித்தார். ஏறக்குறைய 2,000 தடவை பறந்திருக்கிறார் எனக் கணக்கிடப்படுகிறது. விமானத்தைத் திருப்ப அவருக்கு இருந்த உபாயம் தம் உடலை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாரத்தை மாற்றுவது ஒன்றுதான். 1896-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 9-ந் தேதி, ரைனோ குன்றுப் பிரதேசத்தில் பறந்துகொண்டிருக்கையில் அவருடைய இறக்கையின் முன்புறம் மேல்நோக்கி நிமிர்ந்து, விசை முறிந்தது. காலை முன்னே வீசித் தலைப்பாரத்தை மாற்ற அவர் முயன்றும் பயன்படவில்லை. சுமார் 50 அடி உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் இறந்தார்.

இச்செய்தி அமெரிக்காவில் டேட்டன் என்னும் ஊரில் பைசிகிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் சகோதரர்களுக்கு எட்டியது. அவர்கள் சர்வகலாசாலையில் படித்தவர்களல்லர். பறத்தலைப் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தருவித்துப் படித்தனர். லிலியந்தாலைக் கொன்றது யாது என்பதில் அவர்களுடைய கவனம் சென்றது. ஆகையால் தங்களுடைய விமானத்தில் தூக்கிப் பிடிக்கும் இறக்கைகளுக்கு முன்னால் சிறிய பலகை ஒன்றை வைத்து, அதைச் சாய்த்து மூக்கை ஏற்றவும் இறக்கவும் ஏற்பாடு செய்தனர். 1901-ம் வருஷத்துக் கோடையில், கிட்டி ஹாக் என்னும் கடற்கரை மணல்மேட்டில் வில்பர் சறுக்கிப் பறந்தபோது, லிலியந்தாலுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது; விமானம் மூக்கை நிமிர்த்தி வேகத்தை இழந்து நின்றுவிட்டது. முன்பலகையை அவர் இயக்கவே, அது தலைகுப்புறப் பாயாமல் தட்டையாக மெள்ள இறங்கி மணலில் அமர்ந்தது. உடம்பில் காயமில்லை. மறுமுறையும் அவ்வாறே ஆயிற்று. ஒருவர் இறந்த இடத்தில் மற்றொருவர் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நடந்தார்.

ஆனால் அந்த வருஷம் அவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் காத்திருந்தது. நூல்களிலுள்ள வாய்பாட்டின்படி கணக்கிட்டுச் செய்த இறக்கை, எதிர்பார்த்த விசையில் மூன்றில் ஒரு பங்கையே தந்தது. காற்றின் தள்ளுதலைக் கணிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எல்லோரும் .005 என்ற எண்ணை உபயோகித்து வந்தனர். அது ஸ்மீட்டன் என்னும் ஆங்கில இஞ்சினீயரின் பெயரால் வழங்கியது. சகோதரர்கள் அதைப் பரிசோதித்து .0033-க்கு அருகிலேயே இருக்கவேண்டும் எனக் கண்டனர். சென்ற வருஷத்து முடிவு இருப்பைச் சரிபாராமல் இந்த வருஷத்து ஆரம்ப இருப்பாகத் தூக்கி எழுதும் காரியதரிசிகள் சாஸ்திர உலகத்திலும் இருந்திருக்கின்றனர்! ஏமாற்றத்துக்கு இந்த எண் ஒன்றே காரணமன்று. லிலியந்தாலின் அட்டவணை அவர் பரீட்சித்த இறக்கை வடிவத்துக்கே செல்லும் என்பதும், வேறு வடிவத்துக்கு அதைப் பிரயோகித்தது தவறு என்பதும் பின்னர் விளங்கின.

அவர்கள் செய்தது யாதெனில், அவ்வருஷம் இலையுதிர் காலத்தில் கடையிலேயே மரப்பலகைகளால் ஆறடி நீளமும் 16 அங்குலச் சதுர வாயும் உள்ள ஒரு பெட்டியை அடித்து, ஒரு முனையில் விசிறி வைத்துக் காற்றை ஊதச் செய்தனர். இரும்பு அறுக்கும் வாளின் அலகுகளையும் சைக்கிள் கம்பிகளையும் கொண்டு தராசு செய்தனர். தகட்டில் வெட்டிய சிறு இறக்கைகள் சுமார் 200 வகையை ஒவ்வொன்றாக அப்பெட்டிக்குள் வைத்து, எந்த வடிவம் எந்தச் சாய்வில் எவ்வளவு தூக்குகிறது, எந்தச் சாய்வுக்குமேல் விசை குறைகிறது என்று எழுதி வைத்தனர். பெரிய செல்வந்தர்களும் அரசாங்கங்களும் பணம் கொட்டித் தோற்ற காரியம், இந்தப் பெட்டியினால் கைகூடியது என்று கூறினால் அது மிகையாகாது. குட்டையாய் அகன்ற இறக்கையைவிட ஒடுங்கி நீண்ட இறக்கை மேலானது என்பதையும் பெட்டிதான் கற்பித்தது. காற்றாடிச் சக்கரத்தின் அலகும் சுழலுகின்ற இறக்கையே என்பதைக் கண்டு, அதே அட்டவணையைக் கொண்டு அதையும் அமைத்தனர். பன்னிரண்டு குதிரைச் சக்தி யந்திரம் ஒன்று அவர்களுடைய கடைத் தொழிலாளி சார்லஸ் டெய்லரால் செய்யப்பட்டது.

1903-ம் வருஷம் டிசம்பர் 17-ந் தேதி காலையில், மணிக்கு இருபது மைலுக்கு மேல் வீசிய குளிர்ந்த எதிர்க்காற்றில், ஆர்வில் ரைட் 12 விநாடியில் 120 அடி பறந்தார். நிலத்தைப் பொறுத்தமட்டில் அது மணிக்கு ஏழு மைல்கூட இல்லை. வில்பர் பக்கத்தில் கூடவே ஓடிக்கொண்டிருந்தார். ஆயினும் இறக்கைக்கு நிலத்தைப் பற்றிக் கவலையில்லை; எதிர்க்காற்றையும் சேர்த்து அதற்குக் கிடைத்த வேகம் போதுமானதாயிருந்தது. அன்றே நான்காம் முறையாக வில்பர் 59 விநாடி பறந்து 852 அடி சென்றார்.

விசை முறிந்தால் செய்யவேண்டியது என்ன என்பது இப்பொழுது ஊகிக்கத்தக்கதே. சாய்வு மிகுந்ததால் முறிந்தது. ஆகவே சாய்வைக் குறைக்க வேண்டும். விமானி கையிலுள்ள பிடியை முன்னே தள்ளினால் வாலிலுள்ள பலகை சாய்ந்து மூக்கு இறங்கும். காற்று மறுபடி இறக்கையை ஒட்டிக்கொள்ளும். இறங்குவதால் வேகமும் வரும். கூறுவதற்கு எளிது. ஆனால் விழுந்துகொண்டிருக்கும் மனிதனைப் பார்த்து மூக்கை இன்னும் கீழே இறக்கு என்பது அவனுடைய சுபாவத்துக்கே விரோதமானது. மாடு இடறும்போது வண்டிக்காரன் கயிற்றை இழுத்துப் பிடிக்கிறான். அவ்வாறே விழும் விமானத்தின் பிடியைத் தன்னை அறியாமல் விமானி பின்னே இழுக்கிறான். இழுக்க இழுக்கச் சாய்வு மிகுகிறது. முறிந்த விசை முறிந்தபடியே இருக்கிறது.

இது பழங்காலத்துத் துணி விமானங்களோடு ஒழிந்துபோன அபாயம் என்று நினைத்தல் கூடாது. 2009-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ந் தேதி இரவில், பிரேசில் தேசத்து ரியோ டி ஜனீரோவிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் ஒன்று அட்லாண்டிக் மகாசமுத்திரத்தின் மேல் சுமார் 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. வேகத்தை அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்துவிட்டன. வேகக் கணக்குத் தவறவே, தானே ஓட்டும் கருவி தன் வேலையை விமானிகளிடம் ஒப்படைத்து விலகிக்கொண்டது. விமானத்தில் வேறு பழுதில்லை. ஆனால் பிடியைக் கைக்கொண்ட விமானி மூக்கை உயர்த்தினார். விமானம் ஏறக்குறைய 38,000 அடி வரை ஏறி, வேகம் இழந்து, விசை முறிந்தது. அபாய அறிவிப்பு ஒலித்தது. மூக்கு நிமிர்ந்தபடியே, யந்திரங்கள் ஓடியபடியே, அது இருளில் கீழ்நோக்கி அமிழ்ந்தது. கருவி விலகியதிலிருந்து கடலில் மோதும் வரையில் நான்கரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதிலிருந்த 228 பேரும் மாண்டனர்.

கடலடியிலிருந்து பதிவுப் பெட்டிகள் 2011-ல் எடுக்கப்பட்ட பின்னரே நடந்தது வெளியாயிற்று. விமானிகளை மட்டும் குறை கூறுதல் தகாது. இரவில் மேகத்தினூடே சாய்வைக் கண்ணால் அறிய வழியில்லை. சாய்வை நேரே காட்டும் முள் அவர்கள் முன் இருக்கவில்லை. வேகம் மிகவும் குறைந்தபோது அபாய ஒலி தானே நின்றுவிட்டது. மூக்கை இறக்கியபோதோ வேகம் சற்றுக் கூடி ஒலி மறுபடி கிளம்பிற்று. சரியான காரியம் செய்தவுடன் அதட்டுவதும், தவறு செய்தவுடன் மௌனமாவதுமான கருவி எவரையும் மயக்கும். உயரத்தில், கையால் ஓட்டுகையில், விசை முறிவதைச் சமாளிக்கும் பயிற்சியும் அவர்களுக்குத் தரப்படவில்லை என்று 2012-ல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று. அதன் பின்னர் பல தேசங்களில் விமானிகளுக்கு அப்பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது.

புதிதாகக் கற்க வருகிறவனுக்கு இது கற்பிக்கப்படும் முறை பின்வருமாறு. ஆசிரியர் அவனைச் சிறிய விமானத்தில் சில ஆயிரம் அடி உயரத்துக்கு அழைத்துச் செல்கிறார். கீழே ஊர் இல்லாத இடமாகப் பார்த்து, யந்திரத்தின் வேகத்தைத் தணித்து, மாணவனையே பிடியை மெள்ளப் பின்னே இழுக்கச் சொல்கிறார். இரைச்சல் குறைகிறது. பிடி கையில் தளர்ந்து உயிரற்றது போலாகிறது. அபாயக் குழல் ஊதுகிறது, இறக்கைகள் நடுங்குகின்றன, மூக்கு தானாகக் கவிழ்ந்து, வயிறு தொண்டைக்கு வந்ததுபோல் இருக்கிறது. மாணவனுடைய கை பிடியை இறுக இழுக்கத் தவிக்கும். அந்தக் கையை முன்னே தள்ளச் செய்கிறார் ஆசிரியர். காற்றின் இரைச்சல் திரும்ப வருகிறது. இறக்கை மறுபடி பாரத்தை ஏற்றுக்கொள்கிறது. யந்திரம் முழுவேகம் பெறுகிறது. சில நூறு அடி நஷ்டமாயிருக்கும். உடனே மறுமுறை மேலே ஏறி, அதையே திரும்பச் செய்யவேண்டும்; சொல்லாமலேயே கை முன்னே போகும் வரையில் செய்யவேண்டும். அதன் பின்னரே அவன் தனியாகப் பறக்க அனுமதிக்கப்படுகிறான்.